ஒரே தொட்டியில் பல வாய்: பெருந்தீனி மீனும் தீனி தொடாத மீனும்

கல்யாணப் பந்தியில் முந்தி உட்காரத் தெரிந்தவருக்கு எல்லாப் பதார்த்தமும் கிடைத்துவிடும். கூச்சப்பட்டுக் கடைசியில் நிற்பவருக்குச் சில நேரம் ரசம்தான் மிஞ்சும். பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் கண்ணாடித் தொட்டியில் தினமும் நடப்பதும் இதுதான். ஒரு மீன் வயிறு வீங்கும் அளவுக்குத் தின்கிறது. இன்னொரு மீன் மூலையில் நின்று மெலிகிறது. மிச்சமான தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. முடிவில் தின்ற மீனும் சாகிறது, தின்னாத மீனும் சாகிறது.

ஆரணிக்கு அருகே இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் மணிலாவும் போடும் ஒரு சிறு விவசாயக் குடும்பம். இரண்டு கறவை மாடுகளோடு, வீட்டுக்குப் பின்னால் ஐந்து சிமென்ட் தொட்டிகளில் வண்ண மீன் வளர்ப்பும் உண்டு. மீன் பராமரிப்பு முழுவதும் மருமகளின் பொறுப்பு. குஞ்சு எடுப்பதற்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய் மீன்களை மட்டும் முன்கூடத்தில் 4 அடி நீளக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தார். கோல்டு பிஷ் ஆறு, ஏஞ்சல் நான்கு, மோலி பத்து, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த சக்கர் மீன் ஒன்று.

சித்திரை மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் பார்த்தபோது எல்லா மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரவில் மின்சாரம் தடைப்பட்டு ஏர் பம்ப் நின்றிருந்தது. மதியத்துக்குள் கோல்டு பிஷ் மூன்றும், ஜோடி சேர்ந்திருந்த ஏஞ்சல் இரண்டும் செத்து மிதந்தன. மீனின் விலை மட்டும் நட்டமல்ல. அந்த ஜோடியிடமிருந்து எடுக்க நினைத்திருந்த குஞ்சுகளும் போயின.

"மாமா, நேத்து காலையில தீனி போட்டீங்களா?" என்று மருமகள் கேட்டார்.

"ஒரு பிடிதாம்மா போட்டேன். பாவம், கண்ணாடிகிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து கேக்குது" என்றார் மாமனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனும் போட்டிருக்கிறான். வழக்கம்போல மாலையில் மருமகளும் போட்டிருக்கிறார். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மின்வெட்டு கடைசி அடிதான். தண்ணீர் அதற்கு முன்பே பல நாட்களாகக் கெட்டுக்கொண்டிருந்தது.

மிஞ்சிய தீனி என்ன செய்கிறது?

வயலுக்கு உரக் கணக்குப் போடத் தெரிந்த விவசாயிக்கு இந்தக் கணக்கு எளிது. கடையில் விற்கும் மீன் தீவனம் பலவற்றில் சுமார் 40 சதவீதம் புரதம் இருக்கிறது. புரதத்தில் 16 சதவீதம் தழைச்சத்து. அப்படியானால் 10 கிராம் தீவனத்தில் 4 கிராம் புரதம், அதில் 640 மில்லிகிராம் தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால், 10 கிராம் தீவனம் வீணாகித் தொட்டியில் அழுகுவது சுமார் 1.4 கிராம் யூரியாவைத் தண்ணீரில் கொட்டுவதற்குச் சமம். இதைத் தெரிந்து யாரும் செய்யமாட்டார்கள். தீனி என்ற பெயரில் தினமும் செய்கிறோம்.

இந்தத் தழைச்சத்து தண்ணீரில் அமோனியாவாக மாறுகிறது. மீன் தின்ற தீவனத்தில் உள்ள தழைச்சத்திலும் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகவே வெளியேறுகிறது. வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அவற்றின் சக்திக்கு மீறித் தீனி விழுந்தால் அமோனியா தேங்கிவிடும். தண்ணீரின் கார நிலையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை உள்ளது. கோடைச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், அழுகும் தீனி தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஏர் பம்பும் நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தக் குடும்பம் அன்று விடியற்காலையில் பார்த்தது.

கேட்பது பசியல்ல, பழக்கம்

ஆள் நடமாட்டம் தெரிந்ததும் கண்ணாடியை நோக்கி ஓடிவரும் மீன் பசியில் வருகிறது என்று எண்ணக்கூடாது. ஆள் வந்தால் தீனி விழும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. தவிட்டு வாளிச் சத்தம் கேட்டதும் மாடு எழுந்து நிற்பதில்லையா, அதே கதைதான்.

கோல்டு பிஷ் இதில் முதலிடம். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த மீனுக்கு, நம் கட்லா, ரோகுவைப் போலவே, தனியாக இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் நாள் முழுக்க அடியைக் கிளறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதே அதன் இயல்பு. ஒரே நேரத்தில் அள்ளிப் போட்டால் அள்ளித் தின்னும், பாதி செரித்ததை வெளியே தள்ளும். உலர்ந்த தீவனம் குடலில் ஊறிப் பெருத்தால் வயிறு உப்பும். உருண்டை உடல் கொண்ட ரகங்கள் சமநிலை இழந்து தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதக்கும்.

அப்படி மிதக்கும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்த வேண்டும். பிறகு வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியைச் சிறு துண்டாக நசுக்கிக் கொடுப்பது வண்ண மீன் வளர்ப்பவர்கள் கையாளும் முறை. மலச்சிக்கலால் வந்த உப்பசம் என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். வயிறு வீங்கியிருப்பதோடு செதில்கள் பலாப்பழ முள் போல் தூக்கி நின்றால் அது தீனிக் கோளாறு மட்டுமல்ல, உள் உறுப்பு நோயின் அறிகுறி. அந்த மீனை உடனே பிரித்துவிட வேண்டும். சினை பிடித்த பெண் மீனின் வயிறும் பெருத்தே இருக்கும் என்பதால், அதை உப்பசம் என்று நினைத்துப் பட்டினி போட்டுவிடக்கூடாது.

தீனி தொடாத மீன்

ஒரு மீன் தின்னவில்லை என்றால் தீவனத்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். வரிசையாகப் பார்த்தால் குழப்பம் இருக்காது.

முதலில் தண்ணீர். தொட்டி முழுக்கவே மீன்கள் மந்தமாக இருந்தால் குற்றம் தீவனத்தில் இல்லை. கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, புது இடம். கடையிலிருந்து வந்த மீன் ஒன்றிரண்டு நாள், சில நேரம் அதற்கு மேலும் தின்னாது. விளக்கை அணைத்து, ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுச் சில்லோ செடியோ வைத்தால் சீக்கிரம் தேறும்.

மூன்றாவது, பயம். தீனி விழும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஏஞ்சல் மீன் நடு நீரில் நிதானமாக நகர்ந்து கொத்தும். கோல்டு பிஷ்ஷின் அவசரத்தோடு அதனால் போட்டி போட முடியாது. ஜோடி சேர்ந்த ஏஞ்சல்களோ மற்ற ஏஞ்சல்களை ஒரு மூலையில் ஒடுக்கிவிடும்.

நான்காவது, வாயின் அளவும் பழக்கமும். தீனியை வாயில் வாங்கித் துப்பும் மீனுக்குக் குருணை பெரிதாக இருக்கலாம். நசுக்கிப் போட்டால் தின்னும். உயிர் இரை தின்றே வளர்ந்த மீனுக்கோ உலர் தீவனம் உணவு என்றே தெரியாது.

ஐந்தாவது, இனப்பெருக்கம். முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் மீன்கள் அந்த நாட்களில் தின்னாது. நம் குளங்களில் உள்ள ஜிலேபிக் கெண்டைத் தாயும் இப்படித்தான். அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக நோய். வயிறு ஒட்டி, கழிவு வெள்ளை நூல் போல் தொங்கினால் குடல் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அந்த மீனைப் பிரித்து வைத்து, மீன்வளம் படித்தவரிடம் காட்ட வேண்டும்.

நோயும் இல்லை, பயமும் இல்லை, பழக்கம்தான் காரணம் என்றால் உலர் தீவனத்துக்கு மெல்ல மாற்றலாம். முதல் நான்கு நாள் மூன்று பங்கு உயிர் இரைக்கு ஒரு பங்கு ஊறவைத்த தீவனம். அடுத்த நான்கு நாள் பாதிக்குப் பாதி. பிறகு ஒரு பங்கு இரைக்கு மூன்று பங்கு தீவனம். இரண்டு வாரத்தில் பெரும்பாலான மீன்கள் பழகிவிடும். தீவனத்தை ஊறவைக்கும்போது ஒரு சொட்டுப் பூண்டுச் சாறு விடும் பழக்கமும் உண்டு. வாசனைக்கு மீன் நெருங்கி வரும்.

உயிர் இரைக்கு விவசாயி எங்கும் அலைய வேண்டியதில்லை. மண்புழு உரத் தொட்டியிலிருந்து நாலைந்து புழுக்களை எடுத்து, ஈரத் துணியில் ஓர் இரவு வைத்தால் குடலில் உள்ள மண் வெளியேறிவிடும். நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். சாக்கடைச் சேற்றில் எடுக்கப்படும் டியூபிபெக்ஸ் புழு நோயையும் கூடவே கொண்டுவரக்கூடியது. அதைத் தவிர்ப்பது நல்லது. கொசுப்புழு நல்ல இரைதான் என்றாலும், அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைத்தால் டெங்குவை வளர்த்ததாகிவிடும்.

பந்தி பரிமாறும் முறை

எல்லோருக்கும் தீனி போய்ச் சேர, அளவு, இடம், நேரம் ஆகிய மூன்றையும் ஒழுங்கு செய்தால் போதும்.

அளவு: வளர்ந்த வண்ண மீன்களுக்கு உடல் எடையில் 2 சதவீத அளவில் தொடங்கலாம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து எடை பார்த்து, மீனை விட்டு மறுபடி எடை பார்த்தால் மீனின் எடை தெரிந்துவிடும். ஆரணிக் குடும்பத்தின் தொட்டியில் மீன்களின் மொத்த எடை சுமார் 300 கிராம்தான். நாளுக்கு 6 கிராம் தீவனம் போதும். மூன்று பேர் கையிலும் சேர்ந்து விழுந்ததோ 16 கிராமுக்கு மேல். நாள்தோறும் 10 கிராம் உபரி! மளிகைக் கடைத் தராசில் 60 கிராம் தீவனம் நிறுத்து, அதைப் பத்துப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நாளைக்கு. அதை இரண்டு வேளையாகப் போட வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீரவில்லை என்றால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் தீனி இல்லாமல் விட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. குஞ்சுகளுக்கு இந்த விரதம் கூடாது. அவற்றுக்குச் சிறுகச் சிறுகப் பல வேளை கொடுக்க வேண்டும்.

இடம்: முதலில் தொட்டியின் ஒரு மூலையில் மிதக்கும் தீவனத்தைப் போட்டால் முரட்டு மீன்கள் அங்கே கூடும். அவை வாயாடிக்கொண்டிருக்கும்போதே மறுமூலையில் கூச்ச மீன்களுக்குப் போட வேண்டும். ஏர் பம்ப் குழாயில் ஓரடி வெட்டி, இரு முனையையும் இணைத்து வளையமாக மிதக்கவிட்டால் தீவனம் தொட்டி முழுக்கப் பரவாமல் வளையத்துக்குள்ளேயே நிற்கும். அடியில் வாழும் மீன்களுக்கு, அரை அங்குல பிளாஸ்டிக் குழாயைத் தரைவரை இறக்கி, அதன் வழியே மூழ்கும் தீவனத்தைப் போட்டால் நடுவில் யாரும் பறிக்க முடியாது.

நேரம்: அடிமட்ட மீன்கள் பலவும் இருட்டில் மேய்பவை. விளக்கை அணைத்த பிறகு அவற்றுக்குத் தீனி போட்டால், பகலில் சண்டை போடும் மீன்கள் அடங்கியிருக்கும்.

இத்தனை செய்தும் ஒரு மீனே எல்லாவற்றையும் பறிக்கிறது என்றால், தீனி வேளையில் மட்டும் வலைத் தடுப்பு வைத்துப் பிரிக்கலாம். அதுவும் போதாவிட்டால் அந்த மீனுக்குத் தனித் தொட்டிதான் முடிவு. நிறம் பார்த்துச் சேர்த்த கூட்டம் நிலைக்காது. வேகம், வாயின் அளவு, உணவு ஆகியவை ஒத்துப்போகும் மீன்களைத்தான் சேர்த்து வளர்க்க வேண்டும். கோல்டு பிஷ்ஷைக் கோல்டு பிஷ்ஷோடு வைப்பதே நல்லது.

வீட்டிலேயே தீவனம்

மீன்தூள் 30 பங்கு, மணிலாப் பிண்ணாக்கு 35 பங்கு, அரிசித் தவிடு 25 பங்கு, கோதுமை அல்லது மரவள்ளி மாவு 8 பங்கு, தாது உப்பு மற்றும் வைட்டமின் கலவை 2 பங்கு என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 35 சதவீதப் புரதம் உள்ள தீவனம் கிடைக்கும். வைட்டமின் கலவை தவிர மற்றவற்றைப் பொடித்துச் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இட்லிப் பானையில் அரை மணி நேரம் அவிக்க வேண்டும். ஆறிய பிறகு வைட்டமினைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப அச்சில் பிழிந்து நிழலில் உலர்த்தி, மீனின் வாய்க்கு ஏற்ப ஒடித்துக்கொள்ளலாம். உப்புக் கருவாட்டைப் பொடித்துச் சேர்க்கக்கூடாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கு அறவே கூடாது. அதில் உள்ள நச்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். காய்ந்த தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கே செய்ய வேண்டும்.

ஒரு டப்பா தந்த தீர்வு

ஆரணிக் குடும்பம் முதலில் செய்தது தீனியை நிறுத்தியதுதான். இரண்டு நாள் ஒன்றும் போடவில்லை. அடிக் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினார்கள். ஒருநாள் முன்பே பிடித்துக் காற்றோட்டம் கொடுத்து வைத்த கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினார்கள். நன்மை செய்யும் பாக்டீரியா சாகாமல் இருக்க இதுவே வழி. மிஞ்சிய கோல்டு பிஷ்கள் பின்கட்டுத் தொட்டிக்குப் போயின.

அடுத்தது, யார் தீனி போடுவது என்ற கேள்வி. வேறு யாரும் போடக்கூடாது என்று மருமகள் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவியை இழந்த அந்தப் பெரியவருக்கு, காலையில் மீன்களோடு உட்காரும் அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனவே அன்றன்றைய பங்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தொட்டியின் மேல் வைத்தார்கள்.

"மாமா, இனிமே தீனி நீங்கதான் போடணும். டப்பா காலின்னா அன்னைக்குத் தீனி முடிஞ்சுது. யார் கேட்டாலும், மீனே கேட்டாலும், கிடையாது" என்றார் மருமகள்.

காலையில் பாதி, மாலையில் பேரனோடு சேர்ந்து மீதி என்பது இப்போது வழக்கம். தின்னாமல் ஒதுங்கியிருந்த ஏஞ்சல் ஒன்றை முதலில் கவனித்தவரும் அவர்தான். நறுக்கிய மண்புழுவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் அதைக் குருணைத் தீவனத்துக்குப் பழக்கிவிட்டார். தீவனச் செலவும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

வாசகர் கேள்விகள்

ஐந்து நாள் வெளியூர் போனால் மீனுக்கு என்ன செய்வது?

நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மீன்கள் ஐந்து நாள் தீனி இல்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டாரிடம் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. கட்டாயம் கொடுக்க வேண்டுமென்றால், நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்தினம் அதிகமாகத் தீனி போடக்கூடாது.

மீனுக்குச் சோறு, பொரி, பிஸ்கட் போடலாமா?

போடாமல் இருப்பதே நல்லது. மாவுச்சத்து மிகுந்த இவை சீக்கிரம் கரைந்து தண்ணீரைக் கலங்கடிக்கும். பிஸ்கட்டில் உள்ள கொழுப்பும் சர்க்கரையும் மீனுக்குத் தேவையில்லாதவை.

சக்கர் மீன் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்குமா?

இது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். அது பாசியைச் சுரண்டித் தின்னும். மற்ற மீனின் கழிவைத் தின்னாது. பாசி தீர்ந்ததும் அதற்கும் தனித் தீனி வேண்டும். வெள்ளரித் துண்டில் சிறு கல்லைக் கட்டி இரவில் இறக்கலாம். பட்டினி கிடந்தால் கோல்டு பிஷ் போன்ற மெதுவான மீன்களின் உடலில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். ஓரடிக்கு மேல் வளரும் இதைத் தொட்டி கொள்ளாதபோது ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பரவி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இரையைப் பறித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். நீர்நிலையில் மட்டும் விடாதீர்கள்.

புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு மானியம் உண்டா?

2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. தற்போதைய ஒதுக்கீட்டை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.